இரண்டு கொட்டேஷன், ஒரு டைல்ஸ் பட்டறை

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, அப்பாவுக்குப் பிறகு ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையை ஏற்று நடத்தும் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். பதினோரு பேர் வேலை பார்க்கும் பட்டறை. பெங்களூரு, கொச்சியிலிருந்து ஆர்க்கிடெக்ட்கள் விசாரிக்கிறார்கள். வீடியோ கேட்கிறார்கள். செல்போனில் எடுத்து அனுப்பினால் அதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

கல்யாண வீடியோ எடுக்கும் சித்தப்பா மகன் 40,000 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். சென்னை நிறுவனம் ஒன்று 2,15,000 ரூபாய் கேட்கிறது, ஜிஎஸ்டி தனி. "ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். ஏமாற்றுகிறார்களா?" என்பது முதல் கேள்வி. தாத்தா காலத்திலிருந்து தொடங்கி எட்டு நிமிடப் படம் வேண்டும் என்பது இவர் ஆசை. கானாடுகாத்தானில் இவர்கள் டைல்ஸ் கல் பதித்த ஒரு பெரிய வீட்டில் எடுக்க வாட்ச்மேன் சம்மதித்துவிட்டாராம். நண்பரிடம் டிரோன் இருக்கிறது. பின்னணிக்கு ஒரு பழைய சினிமாப் பாட்டு, "30 நொடிக்குள் என்றால் பிரச்சினை இல்லையாமே" என்கிறார். எழுதி வைத்திருக்கும் வசனம் 'யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற செட்டிநாட்டின்' என்று தொடங்குகிறது. கடைசியாக ஒரு மனக்குறை: போன பொங்கலுக்கு அதே தம்பி அரை நாள் எடுத்ததற்கு 12,000 ரூபாய் கொடுத்தும், எடுத்த ஃபுட்டேஜ் (வெட்டாத மூல வீடியோ) கைக்கு வரவில்லை. கேட்டால், 'கேமரா யாருடையதோ ஃபுட்டேஜும் அவருடையது' என்கிறாராம்.

வணக்கம்.

ஏமாற்றுகிறார்களா என்பதை ஒற்றை வரிக் கொட்டேஷனை வைத்துச் சொல்ல முடியாது. நீங்கள் இணைத்திருக்கும் இரண்டுமே ஒற்றை வரிதான். ஒன்றில் 'கம்பெனி வீடியோ, ஒரு நாள்'. மற்றதில் 'பிராண்ட் ஃபிலிம், முழு பேக்கேஜ்'. தம்பி சொல்வது ஓர் ஆள், ஒரு கேமரா, பகல் வெளிச்சம், எடிட்டிங்கும் அவரே. சென்னைக் குழு என்றால் பெரும்பாலும் நாலைந்து பேர்: டைரக்டர், கேமராமேன், அவருக்கு உதவியாளர், லைட்மேன், ஒலிப்பதிவுக்கு ஒருவர். அவர்கள் பிற்பகல் எழும்பூரில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காரைக்குடியில் இறங்குவது இரவில். மறுநாள் ஷூட்டிங், அதற்கடுத்த நாள் காலை திரும்பும் வண்டி. ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள் பேட்டா, இரண்டு இரவு லாட்ஜ், சாமான்களுக்கு மூன்று நாள் வாடகை. திரையில் துளியும் தெரியாத செலவு இது. ஆனால் நியாயமான செலவுதான்.

அதனால் முதலில் மதுரையிலோ திருச்சியிலோ ஒரு மூன்றாவது கொட்டேஷன் வாங்குங்கள். காரைக்குடிக்கு இரண்டு ஊரிலிருந்தும் தொண்ணூறு கிலோமீட்டரை ஒட்டித்தான். விடியற்காலை கிளம்பி வந்து இரவே திரும்பிவிடுவார்கள். உங்களைப் போன்ற பட்டறைக்கு இந்த நடுவழிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

மூவருக்கும் ஒரே தாளைக் கொடுங்கள்

அவரவர் பாணியில் விலை எழுத விட்டால் ஒப்பிடவே முடியாது. நீங்களே ஒரு பக்கத்தில் கேள்விகளை எழுதி மூவருக்கும் அனுப்புங்கள். எத்தனை நாள், நாளைக்கு எத்தனை மணி நேரம், அதைத் தாண்டினால் மணிக்கு எவ்வளவு? எத்தனை கேமரா, எத்தனை ஆள்? காலர் மைக், லைட், டிரோன் எல்லாம் இந்தத் தொகைக்குள் வருமா? வசனம் யார் எழுதுவது, குரல் யார் கொடுப்பது, ஆங்கில சப்டைட்டில் யார் போடுவது? இசைக்கு லைசென்ஸ் யார் பெயரில் எடுக்கப்படும்? எத்தனை முறை திருத்தம் செய்து தருவார்கள்? கடைசியில் என்னென்ன கோப்புகள் வரும், முழு ஃபுட்டேஜும் வருமா? பதில்கள் வந்து சேர்ந்ததும் 40,000 சில இடத்தில் 70,000 ஆகும். 2,15,000 சில இடத்தில் இறங்கும்.

ஜிஎஸ்டி 18 சதவீதத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். நீங்கள் வழக்கமான முறையில் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால், தொழிலுக்காக எடுக்கும் வீடியோவுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் முடியாது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டு நிமிட ஆசையைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்வேன். உங்கள் படத்தைப் பார்க்கப்போகிறவர் சைட்டில் நின்றுகொண்டு போனில் பார்க்கும் ஆர்க்கிடெக்ட். அவருக்குத் தெரிய வேண்டியது கல்லின் அளவு, கனம், நிறம் எவ்வளவு மாறுபடும், ஆயிரம் சதுர அடிக்கு எத்தனை வாரம், உடையாமல் எப்படிக் கட்டி அனுப்புகிறீர்கள், பதித்த பிறகு எப்படித் துடைப்பது. இவை இரண்டு, இரண்டரை நிமிடத்துக்குள் அடங்கும். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு தமிழ்ச் சொல் அளவுதான் போகும். வசனம் 200 சொல்லைத் தாண்டினால் பேச்சு அவசர அவசரமாக ஓட ஆரம்பித்துவிடும். தாத்தாவின் கதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை ஒரு நிமிடத் துண்டாகத் தனியே வெட்டி வெப்சைட்டில் வையுங்கள். இதோடு செல்போனில் செங்குத்தாகப் பார்க்க 30 நொடித் துண்டுகள் நான்கைந்து கேளுங்கள். இதை ஷூட்டிங்குக்கு முன்பே சொல்ல வேண்டும். அகலமாக எடுத்ததைப் பிறகு செங்குத்தாக வெட்டினால் கல் ஊற்றும் கை ஒரு பக்கமும் முகம் ஒரு பக்கமும் அறுந்து நிற்கும்.

பலர் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பார்கள். எழுத்து திரையில் வந்தே ஆக வேண்டும். குரல் தமிழில் உங்கள் மேஸ்திரியுடையதாகவே இருக்கட்டும், கீழே ஆங்கிலம் ஓடட்டும். வாடகைக் குரலில் வரும் ஆங்கில வர்ணனையைவிட அதைத்தான் நம்புவார்கள்.

பட்டறையில் நடக்கும் தப்புகள்

பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது இங்கேதான். உங்கள் வேலை ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே உலர்ந்த சிமெண்ட் மணல் தூவி, அதன் மேல் ஈரக் கலவை வைத்து மட்டம் தட்டுவது வரை ஒரே மூச்சில் எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு காய வைப்பதும் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைப்பதும் நாள்கணக்கு. கண்ணாடியை விட்டுக் கல் பிரிந்து பளபளப்பு முதன்முதலாகத் தெரியும் அந்தக் காட்சிதான் படத்தின் உயிர். அன்று காலை ஊற்றிய கல்லை வைத்து அதை எடுக்க முடியாது.

ஆகவே ஷூட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஒரே டிசைனில், ஒரே நிறத்தில் கல் போட்டு வாருங்கள். அன்றைக்கு ஊற்றுவதற்கு ஆறு தகடு, நேற்று ஊற்றியது ஆறு, தொட்டியில் ஊறுவது ஆறு, பிரிக்கத் தயாராக இருப்பது பத்து. பிரிப்பதற்கு மட்டும் அதிகம் வைத்திருக்கச் சொல்வது ஏனென்றால், ஒவ்வொரு கல்லும் ஒரே ஒரு முறைதான் பிரியும். ஃபோகஸ் தவறினால் அடுத்த கல்தான். டிசைன் மாறினால் எடிட்டிங்கில் ஒரே கல்லின் பயணமாக ஒட்டவே ஒட்டாது.

அடுத்து டியூப் லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் அதன் இரட்டிப்பாக நொடிக்கு 100 முறை துடிக்கும். கேமராவை நொடிக்கு 25 ஃபிரேம் (படம்), ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) 1/50 நொடி என்று வைத்தால் அது தெரியாது. 30 ஃபிரேம், 1/60 என்று வைத்தால் திரையில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். ஸ்லோ மோஷனுக்கு 120 ஃபிரேம் என்றால் இதே தொல்லை. டியூப் லைட் அடியில் 100 ஃபிரேமில் எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு வாசல் வெளிச்சத்தில் எடுக்கட்டும். எடுத்த பிறகு இந்தக் கோளாறைச் சரிசெய்வது பெரும்பாடு.

கண்ணாடித் தகட்டில் கூரையும் கேமராமேன் சட்டையும் சேர்ந்து தெரியும். லென்சின் முன்னே மாட்டித் திருப்பும் போலரைசர் ஃபில்டர் இதைக் குறைக்கும். நேர் மேலிருந்து எடுத்தால் பயன்படாது, சாய்ந்த கோணத்தில்தான் வேலை செய்யும். வெளிச்சத்தைப் பாதிக்குப் பாதி அல்லது அதற்கு மேலும் விழுங்கும், அதனால் லைட் கூடுதலாக வேண்டும். ஆனால் முழுக்கத் திருப்பிவிட்டால் மினுமினுப்பு மொத்தமும் போய் உங்கள் கல் சாதாரண சிமெண்ட் தரைபோல் ஆகிவிடும். ஊற்றும்போது ஃபில்டரைத் திருப்பட்டும். பதித்த தரையை எடுக்கும்போது பளபளப்பு இருக்கட்டும்.

நிறம்தான் உங்களுக்கு உண்மையான ஆபத்து. கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை (வெளிச்சத்துக்கு ஏற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு), ஆள் நகர்ந்தாலே நிறத்தை மாற்றும். வாசலிலிருந்து நீல வெளிச்சம், உள்ளே மஞ்சள் பல்பு, இரண்டும் கலந்தால் காவிச் சிவப்பு செங்கல் நிறமாகும், பச்சை சாம்பலாகும். வாங்கியவர் 'வீடியோவில் பார்த்தது வேறு' என்று லாரியைத் திருப்பினால் நஷ்டம் உங்களுக்கு. ஒவ்வொரு இடத்திலும் சாம்பல் அட்டையை ஒரு ஷாட் எடுத்து, வெள்ளைச் சமநிலையைக் கையால் பூட்டிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். நிறம் காட்டும் ஷாட்டுக்கு நன்றாகக் காய்ந்த கல்லே வேண்டும், ஈரக்கல் ஒரு படி கறுத்துத் தெரியும். கலர் திருத்தம் முடிந்ததும் அசல் கல்லைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள். படத்தின் கடைசியில் 'கைவேலை. நிறம் சற்று மாறலாம். சாம்பிள் கல் பார்த்து உறுதி செய்யவும்' என்று ஒரு வரியும் போடுங்கள்.

ஒலி: பேசுகிறவர் சட்டையில் காலர் மைக், காற்றாடி நிறுத்தம், பக்கத்துப் பட்டறை மெஷினும் அந்தப் பத்து நிமிடம் நிறுத்தம். பேசி முடித்ததும் எல்லோரும் வாயை மூடி அரை நிமிடம் அந்த இடத்தின் அமைதியைப் பதியச் சொல்லுங்கள், எடிட்டருக்கு ஒட்டுப்போட உதவும்.

தேதி குறிக்கும்போது மூன்றைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வேண்டாம். பெரிய முகூர்த்த நாளில் உள்ளூர் ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். உங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாள் எது என்று மின்வாரியத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குழு வந்து இறங்கிய பிறகு கரண்ட் இல்லை என்றால் ஜெனரேட்டர் செலவு உங்கள் தலையில்தான்.

வீடும் டிரோனும்

வாட்ச்மேன் கதவைத் திறப்பது அனுமதி ஆகாது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பல, பங்காளிகள் பத்து இருபது பேருக்குப் பொதுவானவை. ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில். படம் வெளியான பிறகு 'எங்களைக் கேட்காமல் எங்கள் வீட்டை விளம்பரத்துக்கு எப்படி எடுத்தீர்கள்' என்று ஒருவர் கேட்டாலும், படத்தை இறக்க வேண்டி வரும். வீட்டுப் பொறுப்பைப் பார்க்கும் பெரியவரிடம் நேரில் போய், எந்த நாள், எந்தப் பகுதி, எங்கே வெளியிடுவீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மற்றப் பங்காளிகளின் சம்மதத்தை அவர் வழியாக வாட்ஸப்பிலாவது பெற்று வையுங்கள். முகப்பும் வளவும் (நடு முற்றம்) போதும், சாமி அறைப் பக்கம் போகவே வேண்டாம். வளவில் யாரையாவது பேச வைத்து எடுப்பதாக இருந்தால் ஜமக்காளம் நாலைந்து கொண்டுபோய் கேமராவுக்குத் தெரியாத பக்கம் விரியுங்கள். கல்தரையும் உயரக் கூரையும் எதிரொலியால் பேச்சைக் கெடுத்துவிடும்.

நண்பரின் டிரோன் விஷயத்தில் கவனம். 2021 டிரோன் விதிகளின்படி டிரோனுக்குத் தனி அடையாள எண் வேண்டும். 250 கிராம் வரை உள்ள நானோ டிரோனுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதற்கு மேல், 2 கிலோ வரை உள்ளதைத் தொழில் சாராத வேலைக்கு மட்டுமே சான்றிதழின்றிப் பறக்கவிடலாம். உங்களுடையது விளம்பரப் படம், தொழில் வேலை. நண்பர் காசு வாங்கவில்லை என்று சொல்லி இதிலிருந்து நழுவலாம் என எண்ண வேண்டாம். எடையையும் அடையாள எண்ணையும் சான்றிதழையும் முதலில் பாருங்கள். பறக்கும் நாளன்று அந்த இடம் பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி கேட்காமல் பறக்கவிடக்கூடிய பகுதியில்) இருக்கிறதா என்று அரசின் வான்வெளி வரைபடத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இந்த வீடுகளின் வளவு வானம் பார்த்துத் திறந்திருப்பது. உங்கள் டிரோன் பக்கத்து வீட்டு வளவையும் சேர்த்தே எடுக்கும். அவர்களிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

பாட்டும் பெருமையும்

30 நொடி விதி என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. ஐந்து நொடியானாலும் அனுமதி வேண்டும். அதுவும் இரண்டு அனுமதி: பாட்டின் மெட்டுக்கும் வரிக்கும் ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்கு ஒன்று. பட்டறைக்குக் கட்டுப்படியாகாத தொகை. யூடியூப் தானாகவே கண்டுபிடித்து உரிமையாளருக்குத் தகவல் அனுப்பும். இன்ஸ்டாகிராம் தன் பட்டியலில் தரும் பாட்டுகளும் எல்லாமே வியாபாரக் கணக்குக்குச் செல்லுபடியாகும் என்றில்லை. இரண்டு வழி இருக்கிறது. இசை லைப்ரரியில் லைசென்ஸ் வாங்கி, ரசீதை உங்கள் பெயரில் வைத்துக்கொள்வது. இல்லையேல், உங்கள் ஊர் நாகஸ்வரக் கலைஞரை வரவழைத்து இரண்டு நிமிடம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, எழுத்தில் அனுமதி வாங்குவது. தியாகராஜர் கிருதி போன்ற பழையதுக்கு மெட்டுரிமைப் பிரச்சினை இல்லை. ஆனால் யாரோ வெளியிட்ட பழைய பதிவை எடுத்துப் போட்டால், அந்தப் பதிவுக்குத் தனி உரிமை இருக்கலாம். நான் இரண்டாவது வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன், இந்த மண்ணுக்கும் பொருந்தும்.

வசனத்தின் முதல் வரியை அடித்துவிடுங்கள். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. அது உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அறிவிப்பு ஆகாது, உங்கள் கல்லுக்கான சான்றும் ஆகாது. அதேபோல 2019இல் புவிசார் குறியீடு பெற்றது காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை. அந்தப் பெருமையைக் கல்லோடு ஒட்டிப் பேசக் கூடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தவறான விளம்பரத்துக்கு அபராதம் விதிக்கிறது. சூளை இல்லாமல், கண்ணாடியை வைத்தே பளபளப்பு ஏற்றுகிறோம் என்று சொல்லுங்கள். உண்மை, அதைக் கண்ணாலும் காட்டப்போகிறீர்கள்.

திரையில் முகம் தெரியும் ஒவ்வொரு தொழிலாளியிடமும் ஒரு பக்கச் சம்மதக் கடிதம் வாங்குங்கள். அன்றைய கூலியைக் குறைக்காதீர்கள், ஷூட்டிங் என்றால் உற்பத்தி பாதிதான் நடக்கும்.

ஒப்பந்தமும் அந்த 12,000 ரூபாயும்

காசு கொடுத்து உங்களுக்காக எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், பதிப்புரிமையின் (காப்பிரைட்) முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. 1957 பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 'கேமரா யாருடையதோ ஃபுட்டேஜும் அவருடையது' என்று தம்பி சொல்வது சரியில்லை. ஆனால் நிறுவனங்கள் அச்சடித்து நீட்டும் ஒப்பந்தத்தில் இதை மாற்றி எழுதியிருக்கலாம், படித்துப் பாருங்கள். வசனமும் இசையும் தனி உரிமைகள், அவற்றை எழுத்தில்தான் மாற்றித் தர முடியும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். துபாய் ஆர்டர் வரலாம் என்று நினைத்தால் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

பணத்தை 40, 40, 20 சதவீதமாகப் பிரியுங்கள்: முன்பணம், ஷூட்டிங் முடிந்ததும், கடைசிக் கோப்பும் ஹார்ட் டிஸ்க்கும் கைக்கு வந்ததும். திருத்தம் இரண்டு முறை என்பது வழக்கம். முதல் வெட்டு வந்ததும் வீட்டிலும் பட்டறையிலும் எல்லோரும் பார்த்து, குறைகளை ஒரே பட்டியலாக, நேரக் குறிப்போடு அனுப்புங்கள். இன்று அண்ணன் ஒன்று, நாளை மாமா ஒன்று என்று வாட்ஸப் குரல் செய்தியாகப் போனால் எந்த எடிட்டரும் நொந்துபோவார், கூடுதல் பணமும் கேட்பார்.

தம்பியை ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை. 5,000 ரூபாய் கொடுத்து ஒரே ஒரு பரீட்சை வையுங்கள்: அச்சைத் தூக்கும் காட்சி, 30 நொடி, பட்டை ஓடாமல், நிறம் அசல் கல்லோடு ஒத்துப்போகும்படி. தேறினால் செங்குத்துத் துண்டுகளை அவரிடமே கொடுங்கள். பெரிய படத்தை மதுரை, திருச்சிக் குழு எடுக்கட்டும்.

பொங்கல் ஃபுட்டேஜுக்காக வக்கீல் நோட்டீஸ் என்றெல்லாம் போக வேண்டாம். நொடிக்கு நூறு மெகாபிட் என்ற அளவில் எடுத்த வீடியோ மணிக்கு 45 ஜிபி பிடிக்கும். அரை நாள் என்றால் ஒரு டிபி டிஸ்க்கில் தாராளமாக அடங்கும். புது டிஸ்க் ஒன்றை வாங்கிக்கொண்டு நேரில் போய், எடிட் செய்ததை மட்டும் வாங்காமல், கேமரா கார்டிலிருந்து இறக்கிய ஃபோல்டரை அப்படியே காப்பி எடுங்கள். நாலைந்து கிளிப்பை அங்கேயே ஓட்டிப் பாருங்கள். கல்யாண வீடியோக்காரர்கள் அடுத்த சீசனுக்கு இடம் வேண்டிப் பழையதை அழித்துவிடுவார்கள். வைகாசி முகூர்த்தங்கள் தொடங்குமுன் போய்விடுங்கள்.